புகையில்லா வண்டி மாசில்லா வண்டியா?

இல்லறத்தார்க்கான அறச்சிந்தனைப் பாடம்



மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் நம்மவர் இல்லங்களிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. "புகை இல்லை, ஆகவே ஹிம்சையும் இல்லை, அருகன் நெறி நிற்பார்க்கு உகந்த வண்டி இதுவே" என்பார் ஒரு சாரார். "அனைத்தும் விளம்பரம், பெட்ரோல் வண்டிக்கும் இதற்கும் வேற்றுமையே இல்லை" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமலும் அப்படியே தள்ளிவிடாமலும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய சான்றுகளைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. காற்றாலைகளும் கனிம மணலும் ஒருங்கே அமைந்த நாஞ்சில் நாடே நமக்குப் போதிய பாடநூலாகும்.

1. சொல்லின் பொருள்

எந்த வினாவுக்கும் விடை காணுமுன் வினாவிலுள்ள சொற்களை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். "மாசற்றது" என்னும்போது எவ்விடத்தில் மாசற்றது, எக்காலத்தில் மாசற்றது என்று கேட்பது முறை. வண்டி ஓடும் தெருவை மட்டும் நோக்கினால் ஒரு விடை கிடைக்கும். அவ்வண்டிக்குரிய கனிமத்தை மண்ணிலிருந்து அகழ்ந்த நாள்முதல், அது பழுதாகிக் கழிவாகும் நாள்வரை நோக்கினால் வேறு விடை கிடைக்கும். ஒரு பொருளை ஒரு கோணத்தினின்று மட்டும் கண்டு, அதுவே முழு உண்மை என்று சாதிப்பதை நம் ஆசாரியர்கள் ஏகாந்தம் என்று விலக்கினர். பல கோணங்களையும் தொகுத்துக் காண்பதே அநேகாந்தம்.

2. தெருவிலிருந்து நோக்கினால்

மின்வண்டிக்குப் புகைபோக்கிக் குழாய் இல்லை. பெட்ரோலும் டீசலும் எரியும்போது வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், மூச்சில் கலந்து நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களும் இவ்வண்டியின் பின்னால் வருவதில்லை. நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தருகே நிற்கும் வணிகருக்கும், மார்த்தாண்டம் கடைவீதியில் நடந்து செல்லும் பள்ளிச் சிறாருக்கும் இது மெய்யான நன்மை. ஓசையும் குறைவு. இந்நன்மையைச் சிறிதென்று கருதுதல் ஆகாது.

ஆயினும் தெருவிலேயே முற்றிலும் மாசு நீங்கிவிடுவதில்லை. சக்கரத்தின் ரப்பர் தேய்ந்து துகளாகின்றது. சாலையின் புழுதி எழுகின்றது. மின்கலத்தின் சுமையால் இவ்வண்டிகள் ஒத்த அளவுடைய பெட்ரோல் வண்டிகளைவிட எடை மிக்கவை. ஆதலின் சக்கரத் தேய்மானம் கூடுதலாகலாம். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி வண்டியைத் தடுப்பதால் பிரேக்கிலிருந்து உதிரும் துகள் குறைகின்றது. இவ்வாறு கூட்டியும் கழித்தும் பார்த்தால், தெரு ஓரளவு தூய்மை பெறுகின்றது என்பது உறுதி.

3. மின்சாரம் வரும் வழி

இனி, வண்டிக்குள் ஏறும் மின்சாரத்தின் பிறப்பிடத்தைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு வாயில். அக்காற்றை நம்பியே முப்பந்தலைச் சுற்றி எழுந்தது இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று. தமிழகம் முழுவதும் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மிகுதி. இதனைக் காணும் எவர்க்கும், "நம் வண்டி காற்றால் ஓடுகின்றது" என்னும் எண்ணம் இயல்பாக எழும்.

காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வீசுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை மிகுந்து வீசி, ஏனைய திங்கள்களில் தளர்கின்றது. காற்றாலை தரும் மின்சாரமும் கூடங்குளத்து அணுமின்சாரமும் தூத்துக்குடி அனல்மின்சாரமும் ஒரே மின்தொகுப்பில் கலந்து நம் இல்லம் சேர்கின்றன. ஒரு குளத்தில் பல ஓடைகளின் நீர் கலந்தபின், நாம் முகந்த குடத்து நீர் எந்த ஓடையினது என்று பிரித்துக் கூற இயலாததுபோன்றது இது. இந்தியாவின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. 1979 முதல் இயங்கிவரும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் எரிவது நிலக்கரியே. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலின் பங்கு மிகுதியாதலால், புகையோடு சாம்பல் குவியலும் உண்டாகின்றது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் உள்ளன. முதலாவது 2013-லும் இரண்டாவது 2016-லும் மின்தொகுப்பில் இணைக்கப்பட்டன. அங்கே கரியமில வாயு எழுவதில்லை. ஆனால் நெடுங்காலம் காக்கவேண்டிய கதிர்வீச்சுக் கழிவு எஞ்சுகின்றது. காற்றாலையும் குற்றமே அற்றதன்று; அதன் சுழலும் இறக்கைகளில் பறவைகள் மோதி மடிவதுண்டு. ஆயினும் நிலக்கரியோடு ஒப்பிடுங்கால் அதன் தீங்கு மிகச் சிறிது.

4. ஒரு கணக்கு

இனிச் சிலேட்டுப் பலகையில் போடத்தக்க எளிய கணக்கு ஒன்றைப் போடுவோம். இதிலுள்ள அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். முறையை உணர்வதே முதன்மை.

பெட்ரோல் வண்டி: லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால், 100 கிலோமீட்டருக்கு 6.25 லிட்டர் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஆகவே ஏறத்தாழ 14.4 கிலோ. எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் உண்டாவதையும் சேர்த்தால் சுமார் 17 கிலோ.

மின்வண்டி: 100 கிலோமீட்டருக்கு, மின்கம்பியிலும் மின்னேற்றத்திலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 17 யூனிட் எனக் கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு உண்டாகின்றது. ஆகவே 17-ஐ 0.7-ஆல் பெருக்கினால் சுமார் 12 கிலோ.

எனவே ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 5 கிலோ மிச்சம். "வேற்றுமையே இல்லை" என்பாரின் கூற்று இதனால் வீழ்கின்றது. ஆயின் 12 கிலோ என்பது சுழியன்று. "மாசே இல்லை" என்பாரின் கூற்றும் உடன் வீழ்கின்றது.

இன்னும் ஒரு படி உண்டு. மின்வண்டி கடையை விட்டு வெளிவரும்போதே ஒரு கடனைச் சுமந்து வருகின்றது. மின்கலம் செய்யப் பெருமளவு ஆற்றல் வேண்டும். 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்துக்கு, யூனிட் ஒன்றுக்கு 80 கிலோ வீதம் கொண்டால், 2,400 கிலோ கரியமில வாயு. 100 கிலோமீட்டருக்கு 5 கிலோ வீதம் இக்கடன் தீர 48,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி நான்கு ஆண்டுகளில் கடனைத் தீர்க்கும். நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டி ஓராண்டுக்குள் தீர்க்கும். திருமணத்துக்கும் கோயிலுக்குமாக ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியோ பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்! நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, புண்ணியம் எனக் கருதிப் புதிய மின்வண்டி வாங்கும் குடும்பம் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

வீட்டுக்கூரையில் சூரிய ஒளித் தகடு அமைத்துப் பகலில் மின்னேற்றம் செய்தால், 100 கிலோமீட்டருக்கு உண்டாகும் அளவு ஒரு கிலோ அளவுக்குக் குறையும். அப்போது மிச்சம் 16 கிலோ. கடன் 15,000 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். வண்டி ஒன்றேயாயினும் மின்சாரத்தின் பிறப்பிடம் மாறினால் அறக்கணக்கும் மாறுகின்றது என்பது இதனால் விளங்கும்.

5. மண்ணின் கதை

இதுவரை காற்றின் கணக்கைக் கண்டோம். இனி மண்ணின் கணக்கைக் காண்போம். இதுவே நாஞ்சில் நாட்டாரின் நெஞ்சுக்கு மிக அண்மையது.

1909-ஆம் ஆண்டில் சோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். அக்கனிமத்திலிருந்து கிடைக்கும் தோரியம் அந்நாளில் வாயு விளக்குகளின் மேன்டில் வலை செய்யப் பயன்பட்டது. அக்காரணத்தால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை உலகோர் கவனத்துக்கு வந்தது. 1950-இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம், இன்று அணுசக்தித் துறையின்கீழ் அம்மணலைப் பிரித்தெடுத்து வருகின்றது.

மேன்டில் விளக்கின் காலம் மறைந்தது. மோனசைட்டின் மதிப்போ குறையவில்லை. அதில் நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் அடங்கியுள்ளன. மின்வண்டி மோட்டார்கள் பலவற்றில் அமைந்த வலிமைமிக்க நிலைக்காந்தங்கள் இவற்றால் ஆனவை. இத்தகைய காந்தம் இல்லாமல் இயங்கும் மோட்டார்களும் உண்டெனினும், பெரும்பாலான வண்டிகளில் இருப்பவை காந்த மோட்டார்களே. 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் நாட்டு வண்டித் தொழிற்சாலைகளும் கவலையுற்றன. அவ்வாண்டு நவம்பரில், உள்நாட்டிலேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதற்கிடையே 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தொழிற்சாலை தூத்துக்குடியில், கனிம மணல் குமரிக் கடற்கரையில்.

கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் சுமார் 1,144 எக்டேர் நிலத்தில் மணல் அகழும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் நாளுக்கு அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பின் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. கடலோர மீனவ மக்கள், "கடற்கரை அரிக்கப்படும், வாழ்வு குலையும், உடல்நலம் கெடும்" என்கின்றனர். நிறுவனத் தரப்பினர், "கதிர்வீச்சுள்ள மோனசைட்டைப் பிரித்து எடுத்துவிட்டு மணலை மீளவும் நிரப்புவதால் கதிர்வீச்சு குறையவே செய்யும், நாட்டுக்கு இக்கனிமம் இன்றியமையாதது" என்கின்றனர். அணுக்கனிமங்களையும் இன்றியமையாக் கனிமங்களையும் அகழும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. எத்தரப்பின் கூற்று எவ்வளவு சரி என்பதை அளந்தறிவது அறிவியலாரின் பணி. ஆனால் மணலோடு வாழ்வோரின் கருத்தைக் கேட்பதும் அளவையின் ஒரு பகுதியே என்பது அநேகாந்தம் பயின்ற நமக்குத் தெளிவு.

திருச்சாரணத்து மலைக்கும் இக்கடற்கரைக்கும் இடையே சிறுபொழுதுப் பயணமே. சிதறால் ஊரருகே அம்மலைப் பாறையில் பார்சுவநாதரும் மகாவீரரும் அம்பிகை இயக்கியும் திகழ்கின்றனர். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்குளது. மின்வண்டியில் சென்று அம்மலையை வணங்கி, "ஹிம்சையின்றி வந்தோம்" என்று நாம் நிறைவெய்துவோமாயின், அண்மையிலுள்ள கடற்கரையாரின் கவலை நம் கணக்கில் இடம்பெற்றதா என்று வினவிக்கொள்ளல் கடமை.

மின்கலத்தின் கதையும் இத்தகையதே. உலகில் அகழப்படும் கோபால்ட்டில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டினின்று வருகின்றது. அங்கே சிறு சுரங்கங்களில் சிறுவரும் உழைப்பது உலகறிந்த துயரம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைநிலத்தில் நிலத்தடி உப்புநீரை வெயிலில் வற்றவைத்து லித்தியம் எடுக்கின்றனர். நீர் அரிதான நிலம் அது. இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்களில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை என்பது ஆறுதலான செய்தி. வண்டி வாங்குவோர் இதனைக் கேட்டறியலாம்.

6. அறநூல் நோக்கு

நம் ஆகமம் உயிர்களை அறுவகையாகப் பகுக்கின்றது: நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஐந்து வகை, இயங்கும் உயிர்கள் ஆறாவது. இவ்வறுவகையையும் அளவுகோலாக வைத்து மின்வண்டியை அளந்து பாருங்கள். அகழ்வதில் நிலத்துயிரும், லித்தியம் எடுப்பதில் நீருயிரும், அனல்மின் உலையில் தீயுயிரும், புகையில் காற்றுயிரும், சுரங்கத்துக்குக் காடு அழிப்பதில் தாவர உயிரும், இவை அனைத்திலும் இயங்கும் உயிர்களும் வருந்துகின்றன. பெட்ரோல் வண்டியும் இவ்வாறே. அதன் எண்ணெய்க் கிணறும் கப்பலும் ஆலையும் இவற்றுக்குக் குறைந்தன அல்ல. ஆகவே கேள்வி "ஹிம்சை உண்டா, இல்லையா?" என்பதன்று, "எது குறைவு, எங்ஙனம் இன்னும் குறைப்பது?" என்பதே.

வினையானது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் நம்மை வந்து சேரும் என்பது நம் நெறியின் அடிப்படை. பெட்ரோல் வண்டியில் நாமே புகை எழுப்புகின்றோம், அது செய்தல். மின்வண்டியில் நமக்காகத் தூத்துக்குடியில் நிலக்கரி எரிகின்றது, நமக்காக மணல் அகழப்படுகின்றது, அது செய்வித்தல். புகை நம் வாயிலினின்று நகர்ந்ததால் பொறுப்பும் நகர்ந்துவிடுவதில்லை. ஆடுகொல்லும் இடம் ஊருக்கு வெளியே உள்ளது என்பதனால் ஊன் உண்பார்க்குக் குற்றமில்லை என்று நாம் ஒருபோதும் கூறியதில்லையன்றோ!

அதே வேளையில் இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் கைகூடாத சட்டம் விதித்தாருமல்லர். கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை முற்றிலும் துறக்கக் கூறினர். சமைத்தல், வீடு கட்டுதல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப ஹிம்சையையும், தொழில்வழி நேரும் உத்தியோக ஹிம்சையையும் இயன்றவரை குறைக்கக் கூறினர். பயணம் இவ்வகையைச் சார்ந்தது. முழுத்துறவு அடிகளார்க்கே உரியது. அவர்கள் இன்றும் கால்நடையாகவே விஹாரம் செய்கின்றனர். முற்றிலும் மாசற்ற பயணம் எதுவென்று கேட்டால் அதுவே விடை.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதத்தை விளக்கும்போது, பயனின்றி மண், நீர், தீ, காற்று ஆகியவற்றை வருத்துவதையும், செடிகொடிகளை வெட்டுவதையும், வீணே அலைவதையும், பிறரை அலைவிப்பதையும் கவனமின்மையாகிய குற்றத்தில் அடக்குகின்றார். வண்டிகள் தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, வீண்பயணம் ஹிம்சையோடு ஒருங்கு எண்ணப்பட்டது என்பது வியந்து போற்றத்தக்கது. செல்லும் திசைக்கும் தொலைவுக்கும் எல்லை வகுக்கும் திக்விரதமும் இக்கருத்தினதே. எவ்வகை வண்டி என்று ஆராயுமுன், இப்பயணம் வேண்டுமா என்று ஆராயச் சொல்கின்றது நம் அறம்.

7. நடைமுறையில் கொள்ளத்தக்கவை

(1) நடந்து செல்லத்தக்க தொலைவுக்கு நடையும் மிதிவண்டியுமே சிறப்பு.

(2) பேருந்தும் தொடர்வண்டியும் அடுத்த நிலை. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்து 40 பேரை ஏற்றிச் சென்றால், 100 கிலோமீட்டருக்கு ஒருவர் பங்கு ஏறத்தாழ 1.6 கிலோ கரியமில வாயு. ஒருவர் மட்டும் செல்லும் மின்காரிலோ அது 12 கிலோ. புகைவிடும் பேருந்து புகையில்லாக் காரை வெல்கின்றது! அப்பேருந்தே மின்பேருந்தானால் இன்னும் நன்று. சென்னையில் 2025 ஜூன் இறுதியில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியுள்ளன. தீர்த்த யாத்திரைக்குக் குடும்பத்துக்கொரு கார் என்றில்லாமல் ஊர்கூடிப் பேருந்தில் செல்லும் பழைய வழக்கம் இவ்வகையிலும் அறம்.

(3) வண்டி இன்றியமையாததாகி, நாள்தோறும் ஓடுவதுமாயின், மின்வண்டி பெட்ரோல் வண்டியினும் ஏற்றதே. தேவைக்கு மேற்பட்ட பெரிய வண்டி வேண்டா. இருசக்கர மின்வண்டியின் மின்கலம் காரினுடையதில் பத்திலொரு பங்கு அளவே.

(4) இயன்றோர் கூரையில் சூரியத் தகடு அமைக்கலாம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

(5) பழுதான மின்கலத்தைப் பழைய இரும்புக் கடையில் எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. மீட்கப்படும் ஒவ்வொரு கிலோ கனிமமும் அகழப்படாத மண்ணாகும்.

(6) எங்கோ மண் அகழப்படுவோரின் குரலை, "வளர்ச்சிக்குத் தடை" என்று இகழாது செவிமடுத்தல் உடன்படுதலாகிய வினையினின்று நம்மைக் காக்கும்.

தொகுப்புரை

மின்வண்டி மாசற்றதா? தெருவின் நயத்தால் ஏறத்தாழ ஆம். மின்தொகுப்பின் நயத்தால், மாசு குறைந்தது, மாசற்றது அன்று. மண்ணின் நயத்தால், புதிய கடன்களை உடையது. இம்மூன்றையும் ஒருங்கே கூறுவதே மெய்ந்நெறியாளர் கூற்று. "குறைந்த தீங்கு" என்று சொல்லி வாங்குவோம். "தீங்கில்லை" என்று சொல்லி வாங்கோம். முதற்சொல் நம்மை மேலும் குறைக்கத் தூண்டும். இரண்டாம் சொல் கண்ணை மூடிவிடும். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு வண்டிக்கும் பொருந்தும்.

சிந்தனை வினாக்கள்

1. உங்கள் இல்லத்து வண்டி சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? அதில் எத்துணை தவிர்த்திருக்கலாம்?
2. செய்தல், செய்வித்தல், உடன்படுதல்: மூன்றுக்கும் உங்கள் அன்றாடப் பயணத்தினின்று எடுத்துக்காட்டுத் தருக.
3. மேற்கண்ட கணக்கை உங்கள் வண்டியின் அளவுகளைக்கொண்டு பிள்ளைகள் மீளவும் போட்டுப் பார்க்க.
4. கடற்கரை மக்கள், மணல் நிறுவனம், வண்டி வாங்குவோர் ஆகிய மூவர் நிலையினின்றும் இச்சிக்கலை மூன்று சிறு பத்திகளில் எழுதுக.

குடும்பத்தார் ஒருங்கமர்ந்து இவற்றுக்கு விடை காண்பார்களாக. அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!